பெயர் மட்டும் கேட்கும் காவலன்

பில்ட் பொத்தானை அழுத்தியதும் அவன் திரையைப் பார்க்கமாட்டான். இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்குவான்.

செயலி உருவாகி முடிய நான்கு நிமிடம். ஒரு பென்சில் கூராகவும் அவ்வளவு நேரந்தான்.

ஒன்பது ஆண்டுகளாக இதே வழக்கம். இழுப்பறை நிறையக் கூரிய பென்சில்கள். எதைக் கொண்டும் அவன் ஒரு வரி எழுதியதில்லை.

"அண்ணே, பேசாம பள்ளிக்கூட வாசல்ல கடை போட்டுருங்க" என்பாள் பக்கத்து மேசைக் கலிஸ்டா.

புயலுக்குப் பின் அவள் அப்படிச் சொல்வதில்லை.

தூத்துக்குடியின் அந்தச் சிறு அலுவலகத்தில் அவர்கள் உருவாக்குவது மீனவர்களுக்கான செயலி. காற்று திசைமாறினால் கைப்பேசி அலற வேண்டும். அலறலுக்கான நிரலை மட்டும் வெளியூர் நிறுவனம் ஒன்று எழுதித் தந்திருந்தது.

இரண்டு இடத்து நிரல்களையும் ஒன்றாக இணைப்பது லிங்கர் என்னும் மென்பொருள்.

லிங்கர் ஒரு வாயிற்காவலன். கையில் பெயர்ப்பட்டியல் வைத்திருப்பான். பட்டியலில் உள்ள ஒருவர் வராவிட்டாலும் கதவைத் திறக்கமாட்டான்.

ஆனால் பெயரைத்தான் கேட்பான். வந்தவன் ஊமையா என்று கேட்கமாட்டான்.

வந்த நிரலில், பழைய கைப்பேசிகளுக்கான பகுதியில் 'அலறு' என்ற பெயர் விடுபட்டிருந்தது. காவலன் மறித்தான். திரை சிவந்தது.

மாலையில் படகுகள் கடலில் இறங்குமுன் புதிய பதிப்பு வெளிவர வேண்டும் என்பது மேலாளரின் கட்டளை. அந்த நிறுவனத்தின் பதில் வரும்வரை பொறுப்போம் என்றாள் கலிஸ்டா. சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

வெளியீட்டுக்கான சாவி அவள் கணினியில் மட்டுமே இருந்தது. கணினி திறந்தே கிடந்தது.

அவன் அவளுடைய நாற்காலியில் அமர்ந்தான். 'அலறு' என்று பெயரிட்டான். உள்ளே எதுவும் எழுதாமல் அடைப்புக்குறியை மூடினான்.

காவலன் பெயரைக் கேட்டான். பெயர் இருந்தது. வழிவிட்டான்.

திரை பச்சையானது.

திங்கட்கிழமை சரிசெய்துவிடலாம் என்று நினைத்தான். அந்தத் திங்கட்கிழமை கடந்துபோயிற்று. அடுத்ததும்.

புயலன்று புதிய கைப்பேசிகள் எல்லாம் அலறின. படகுகள் கரை திரும்பின.

மீனவர் பனியடிமை வைத்திருந்தது பழைய கைப்பேசி.

மூன்றாம் நாள் அவருடைய வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது.

நிரலில் யார் எதை மாற்றினார் என்று காட்டும் பதிவேட்டில் கலிஸ்டாவின் பெயர் இருந்தது. அவள் கணினி வேறு யார் பெயரை எழுதும்?

நான் எழுதவில்லை என்று முதலில் எல்லோரிடமும் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டாள். நேற்று அவன் பக்கம் திரும்பி, குரலே எழாமல் கேட்டாள்.

"ஒருவேள நாந்தான் மறந்துட்டேனாண்ணே?"

அவன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

இன்று காலை விசாரணை அதிகாரி வந்துவிட்டார். அவள் எதிரில் அமர்ந்து அறிக்கையை வாசித்துக் காட்டத் தொடங்கினார். மூன்று பக்கம். முடிவில் அவள் கையொப்பமிட வேண்டும். இட்டால் வேலை போகும். வழக்கும் வரும்.

அவன் தன் கணினியில் அந்த வெற்று வரிகளைத் தேடி எடுத்தான். அழித்தான். பொத்தானை அழுத்தினான்.

பென்சிலைத் தொடவில்லை. நான்கு நிமிடமும் திரையையே பார்த்திருந்தான்.

அதிகாரி கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தம் பேனாவை அவளிடம் கொடுத்தார்.

திரை சிவந்தது. 'அலறு' என்ற பெயரைக் காணவில்லை.

திரையை அதிகாரி பக்கம் திருப்பினான்.

"சார், இங்க இருந்த வெத்துப் பேர எழுதினது நான். அவங்க அப்போ சாப்பிடப் போயிருந்தாங்க."



அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவன் மேசையில் வைத்து, எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார்.

அவன் இழுப்பறையைத் திறந்தான். இருப்பதிலேயே கூரிய பென்சிலை எடுத்தான்.

"பென்சில்ல எழுதினா செல்லாது. பேனாவுல எழுதுங்க."

அவனிடம் பேனா இல்லை.

அதிகாரியின் பேனா இன்னும் கலிஸ்டாவின் விரல்களுக்கிடையே இருந்தது. அவள் அதை மெல்ல மூடினாள். அவனிடம் நீட்டவில்லை. தன் மேசையின் மறு ஓரத்தில் வைத்துவிட்டுக் கைகளை மடியில் சேர்த்துக்கொண்டாள்.

அவன் அமர்ந்த இடத்திலிருந்து கை எட்டாது.

அவன் எழுந்தான்.