பச்சைக் கதவு வீட்டெதிரே

“தினமும் இதே இடத்துலதான் நின்னுடுது, திருவேங்கடம். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா உறுமுதே தவிர, நகர மாட்டேங்குது,” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் புது அமெரிக்கக் கார், திருவானைக்காவலில் ஒரு பச்சைக் கதவு வீட்டெதிரே நின்றிருந்தது.

“கியர்பாக்ஸுல ஒரு குறையும் இல்லையே சார். மறுபடி மிதிங்க,” என்ற மெக்கானிக் திருவேங்கடம் குனிந்து பார்த்தார்.

ஸ்தனிஸ்லாஸின் வலது கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. கிளட்ச் இல்லாத வண்டியில் சும்மா இருக்க வேண்டிய இடது கால், அவரையறியாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. கண் அந்தக் கதவிலேயே இருந்தது.

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் லூர்துராணியின் வீடு அது. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று மூன்று வருஷம் முன்பு ஊரறியச் சொன்னவர் அவர்.

“சூடேறிப் போச்சு சார். தண்ணி ஊத்தினா சரியாயிடும். என் கையெல்லாம் ஆயில். நீங்களே அந்த வீட்டுல கேட்டு வாங்கிட்டு வாங்க.”

“நானா?”

“வண்டிக்குத்தானே சார் கேக்குறீங்க!”

ஸ்தனிஸ்லாஸ் இறங்கிப் போனார். தட்டக் கை தூக்குமுன் கதவு திறந்தது.

“ஒரு மாசமா கார் சத்தம் கேட்டதும் செம்புத் தண்ணியோட கதவுக்குப் பின்னாலயே நிக்கிறேம்பா,” என்றாள் லூர்துராணி. “கூப்பிடத்தான் பயமா இருந்துச்சு.”