மகன் மேல் புகார்

"பெத்தவளே புள்ள மேல புகார் கொடுக்கப் போறதா? புத்தி கித்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

பாவாயியின் புருஷன் வெங்கிடுசாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். காரவள்ளி ஊர் முழுக்க அவர் பக்கம்தான்.

பின்னே? சண்டைக் காலம். பட்டாளத்தில் விமானம் ஓட்டப் பழகும் மகன் சின்னராசு, நேற்றுக் காலை கொல்லிமலையிலிருந்து சரேலென்று இறங்கி, சொந்த வீட்டுக் கூரையை உரசுகிற மாதிரி பறந்து காட்டியிருக்கிறான். ஊரே துண்டைச் சுழற்றிக் கூத்தாடியது. அவன் ஆத்தா பாவாயி மட்டும் முகம் வெளிறி நின்றாள்.

"வழிய உடுங்க. வண்டி நிக்குது."

"அடுத்த வாரம் அவன் முழுப் பைலட்டு ஆவறான் புள்ள. நீ போய்ச் சொன்னா எல்லாம் போச்சு!"

"போனாப் போவுதுங்க."

வீம்புக்காரி என்று ஊர் திட்டியது. மகன் உசந்தது அவளுக்கே பொறுக்கவில்லை என்றுகூட ஒருத்தி நாக்கில் நரம்பில்லாமல் சொன்னாள். பாவாயி காதில் வாங்கவில்லை. சேந்தமங்கலம் போய் பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து முகாமுக்கே போய்விட்டாள்.

சின்னராசு அவள் காலில் விழாத குறை.

"ஆத்தா, உன்னப் பாக்கத்தான வந்தேன்!"

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்தால் மனசு இளகிவிடும்.

அதிகாரி நம் தமிழ்நாட்டுக்காரர். "தப்புதாம்மா. சொந்த ஊரைக் கண்டா பசங்க இப்படித்தான் இறங்கறாங்க. நாங்களும் கண்டும் காணாம விட்டுடறோம். உங்க மகன் கெட்டிக்காரன். அவனுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

"அவனுக்கு நான் பயப்படலீங்க. அந்த மலையில ஆடு ஓட்டித் திரிஞ்சவன். எந்தச் சரிவுல காத்து சுழட்டும்னு அவனுக்குத் தெரியும்."

"அப்புறம் என்னம்மா?"

"ஊட்டு மேல ஒருத்தனும் இறங்கக் கூடாதுன்னு கண்டிப்பா உத்தரவு போடுங்க. மொதல்ல எம்மவன நிறுத்துங்க. அப்பத்தான் மத்தவங்க கேப்பாங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். அப்படியே உத்தரவு போட்டு, முதல் ஆளாக சின்னராசைப் பறப்பதிலிருந்து நிறுத்தி வைத்தார். சின்னராசு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

"பெத்த மகன் பொழப்பையே கெடுக்கற அளவுக்கு என்னம்மா நடந்துச்சு?"

பாவாயிக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

"நேத்து இவனப் பாத்துட்டு, இவன் பின்னாலயே இன்னொரு பிளேனும் இறங்குச்சுங்க. அந்தப் புள்ளைக்கு எங்க மலை தெரியல. பாறையில மோதாமத் தப்புனது சாமி புண்ணியம். அவனப் பெத்தவ எந்த ஊர்ல இருக்காளோ... அவளுக்குப் பதிலாத்தானுங்க நான் வந்தேன்."