டேப்பு சொன்ன எடை

"ரொட்டி கருகிப் போனதுக்கா பேச்சியக்கா இந்தச் சண்டை?"

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நாகலெட்சுமி கேட்டாள். அந்த வரிசை வீடுகளின் சனம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

பேச்சியம்மா காதில் வாங்கவில்லை. நிறைமாத மருமகள் தனுஜாவின் துணிப்பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"ஒரு ரொட்டி சுடத் தெரியல. போ, டிக்கோயாவுல உங்க அக்கா வீட்டுல போய்ப் பழகிக்கிட்டு வா."

"மாமி, நான் என்ன செஞ்சேன்?"

"வாய் வேறயா? பஸ் வந்துரும், கெளம்பு."

தனுஜா தாயில்லாப் பிள்ளை. கட்டி வந்த நாள் முதலாய் மாமி அவளை ஒரு அதட்டு அதட்டியதில்லை. புருஷன் சுமனுக்கோ கொழும்பில் கடை வேலை. யாரிடம் போய்ச் சொல்வாள்?

"வயித்துப்பிள்ளைக்காரிய வெரட்டுறியே, மேல ஒருத்தன் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றாள் நாகலெட்சுமி.

"பாக்கட்டும். அவ்வளவு எரக்கம் இருந்தா நீயே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வா."

நாகலெட்சுமிதான் கூட்டிப் போய் விட்டுவிட்டு வந்தாள்.

அக்கா நிஷாந்தியின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே. போய் உட்கார்ந்ததும் தனுஜா தேம்பினாள்.

"முந்தாநாள் வரைக்கும் மாமி நல்லாத்தான்க்கா இருந்தாங்க. மிட்வைஃப் மிஸ் வந்து வயித்த மேலருந்து கீழ ஒருவாட்டி, சுத்தி ஒருவாட்டி டேப்பு வச்சு அளந்தாங்க. ரெண்டையும் பெருக்கிப் பாத்துட்டு, 'பிள்ளை நாலு கிலோ வரும்போல இருக்கு. நீ சின்ன ஒடம்பு. இப்பவே ஆஸ்பத்திரிப் பக்கமா போய் இருந்துக்க'ன்னாங்க. மாமிதான் சிரிச்சாங்க. 'கொழுந்தே தராசுல போட்டாத்தான் எடை தெரியும். சட்டை தைக்கிற டேப்பு பிள்ளை எடையச் சொல்லுமா மிஸ்'னு."

"நீ என்ன சொன்ன?"

"வலி வந்தாப் போறேன், அதுக்கு முந்தி மாமிய விட்டு அசைய மாட்டேன்னேன். மாமா படுத்த படுக்கை, அவர விட்டுட்டு மாமியால எங்கேயும் வர முடியாதே. அப்படி இருந்த என்னைத்தான்க்கா வெரட்டிட்டாங்க."

நிஷாந்தி தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து தோட்டத்துப் பாதை அடைபட்டுப் போன அன்றைக்குத்தான் தனுஜாவுக்கு வலி கண்டது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிள்ளை இறங்கவில்லை. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். கடவுள் கிருபையில் இரண்டு உயிரும் தப்பின. கொஞ்சம் பிந்தியிருந்தாலும் கஷ்டந்தான் என்றார் டாக்டர்.

பெண் குழந்தை. தராசில் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது.

"அந்த டேப்பு சரியாத்தான்க்கா சொல்லியிருக்கு" என்றாள் தனுஜா, பிள்ளையை மார்போடு அணைத்தபடி. "டாக்டருக்குச் சொல்றதா, மிஸ்ஸுக்குச் சொல்றதா, சாமிக்குச் சொல்றதா, யாருக்கு நன்றி சொல்றதுன்னே தெரியல."

"மொதல்ல ஒன் மாமிக்குச் சொல்லு."

"வெரட்டி விட்டதுக்கா?"

"ஆமா. நீ பஸ் ஏறுறதுக்கு முந்தியே எனக்குப் போன் பண்ணிட்டாங்க. 'மிஸ் அளந்துட்டுப் போனதுலருந்து எனக்குத் தூக்கமில்ல நிஷாந்தி. போன்னு சொன்னா இவ போக மாட்டா. அழுதுக்கிட்டு வருவா, என்னைத் திட்டுவா. நீயும் சேந்து திட்டு. பிள்ளை பெறாம மட்டும் திருப்பி அனுப்பிறாத'ன்னாங்க."