சோத்துக்கைப் பக்கம்

இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி, பெரியவர் ரிப்பேர் கடையில் விறைப்பாக நின்றார். அவருடைய மகள் பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியை மேசைமேல் வைத்தாள்.

"வால்வு மூணும் இறுகிப்போச்சு. சரி பண்ணிட்டு, லீவரை எல்லாம் வலது கைப் பக்கம் மாத்திடும்மா."

கடைக்காரம்மா சிரித்தாள். "ஹார்னை இடது கையாலதாங்க ஐயா அழுத்துவாங்க. உலகம் முழுக்க அப்படித்தான்."

"உலகம் எப்படியோ போகட்டும். எங்க குடும்பத்துல யாரும் பீச்சாங்கையால ஒரு காரியமும் செஞ்சதில்ல."

கடைக்காரம்மா மகளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

கடைக்காரம்மா வால்வுகளைக் கழற்றி, பச்சைக் களிம்பைத் துடைத்து, எண்ணெய் விட்டு, லீவரை வால்வோடு இணைக்கும் இற்றுப்போன நூலை மாற்றிக் கட்டியதும் லீவர்கள் தடையில்லாமல் அசைந்தன.

"மூணு லீவரும் விரல் பட்டுத் தேஞ்சிருக்கே. வருஷக்கணக்கா இடது கையால வாசிச்ச தேய்மானம்."

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார் பெரியவர் வெடுக்கென்று.

"சரி, வாசிக்கிறவங்க பிடிச்சுக் காட்டினா அளவெடுத்துக்கறேன். நீ வாம்மா."

மகள் ஹார்னை எடுத்து அப்பாவின் வலது கையில் கொடுத்தாள். பிறகு கோட்டுப் பைக்குள்ளிருந்து அவருடைய இடது கையை மெல்ல வெளியே எடுத்து, ஹார்னின் அகன்ற வாய்க்குள் வைத்தாள். விரல்கள் துவண்டு கிடந்தன.

"ஸ்ட்ரோக் வந்ததுலேருந்து இந்தக் கை..."

"உன்னை யாரு கேட்டா?" என்றார் அப்பா.

கடைக்காரம்மா அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அவருடைய வலது பக்கம் வந்து நின்றாள்.

"ஐயா சொல்றதுதான் சரி. குடும்ப வழக்கத்தை மீறக் கூடாது. சோத்துக்கைப் பக்கமே வச்சுத் தரேன்."