ஐந்தாவது குறிச்சொல்

“இந்த வார்த்தை உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். இன்னொண்ணு என் பொண்ணு,” என்று சொல்லி, லார்ன் ஹாடோ தன் போனை மேசைமேல் வைத்தார்.

டெசா எட்டிப் பார்த்தாள். படகுத்துறையில் மழை ஓய்ந்தபின் எடுத்த படம். தேங்கிய தண்ணீரில் விளக்கு வெளிச்சம் நெளிந்தது. அதன் கீழே, ‘இந்தக் குறிச்சொற்களைச் சேர்க்கலாமா?’ என்று ஒரு பெட்டி. மழை, வான்கூவர், மாலை, துறைமுகம். ஐந்தாவதாக, ‘ஷிம்பிள்’.

படங்களைப் பகிரும் அந்த இணையதளத்தின் அலுவலகம் மெயின் தெருவில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. பொறியாளர்கள் எல்லோரும் வாரத்துக்கு ஒரு நாள் உதவி மேசையில் உட்கார வேண்டும். கடவுச்சொல்லை மறந்தவர்களும் படங்களைத் தொலைத்தவர்களும்தான் வருவார்கள். குறிச்சொல் பெட்டியைப் பற்றிக் கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அந்தப் பெட்டிக்கான நிரலை எழுதியவளே டெசாதான்.

குட்டைத் தண்ணீரில் ஆடும் வெளிச்சத்துக்கு மகள் ரோவன் ஆறு வயதில் வைத்த பெயர் அது என்றார் ஹாடோ. வீட்டுக்கு வெளியே யாரும் அதைச் சொன்னதில்லை. ரோவன் வீட்டைவிட்டுப் போய் ஏழு வருடம் ஆகிறது. எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. நேற்று இந்தப் படத்தை ஏற்றியதும், அவர் ஒரு தடவைகூட அடித்திராத வார்த்தையைப் பெட்டி தானாகவே நீட்டியிருக்கிறது. அதைத் தொட்டால் வெறும் பக்கம்தான் வருகிறதாம்.

“யாரு போட்டாங்கன்னு மட்டும் கேக்காதீங்க, மிஸ்டர் ஹாடோ. அதைச் சொன்னா என் வேலை போயிடும்.”

“பேரு வேண்டாம், விலாசமும் வேண்டாம். இது எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் சொல்லுங்க. அவ உயிரோட இருக்கான்னு தெரிஞ்சாலே எனக்குப் போதும்.”

டெசாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒரு காகிதத்தை இழுத்து வட்டங்கள் போட ஆரம்பித்தாள். பெட்டிக்குச் சொந்த அறிவு கிடையாது என்றாள். புதுப் படம் வந்ததும் அதே சாயலில் இருக்கும் பழைய படங்களைத் தேடும். அவற்றுக்கு ஆட்கள் என்னென்ன பெயர் ஒட்டினார்கள் என்று எண்ணும். அதிகம் ஒட்டியதை மேலே வைக்கும். அவ்வளவுதான்.

“ஆனா ஒரே ஒருத்தர் போடற டேக்கை அது மத்தவங்களுக்குச் சொல்லாது. இல்லேன்னா ஊர்ல இருக்கற நாய்ப் பேரெல்லாம் உங்ககிட்ட வந்து நிக்கும். குறைஞ்சது மூணு பேர் போட்டிருக்கணும்.”

ஹாடோ கண்ணாடியைக் கழற்றினார். “மூணு பேரா?”

“மூணு பேர்.”

“அப்போ அவளுக்குக் குடும்பம் இருக்கு. அந்த வார்த்தையைக் குழந்தைக்குச் சொல்லிக் குடுத்திருக்கா.” அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

டெசா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த ஊரில்தான் இருக்கிறாளா என்று அவர் கேட்டபோது, அதையும் தான் சொல்லக்கூடாது என்றாள். ஆனால் பெட்டி வேலை செய்யும் விதத்தை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் கட்டியதிலேயே அழகான பகுதிக்கு இப்போதுதான் வந்திருந்தாள்.

“பக்கத்துல எடுத்த படங்களுக்கு அது கூடுதல் மதிப்பு குடுக்கும். அதே தெருன்னா இன்னும் ரொம்ப. அந்த இடத்தை நெருங்க நெருங்க, டேக் ஒவ்வொரு படியா மேல ஏறும்.”

“அஞ்சாவதா வந்திருக்கே?”

“நடந்து போற தூரம் இல்லே. பஸ் ஏறணும்.” டெசா சிரித்தாள்.

“முதல்ல வந்தா?”

“வாசல்லயே நிக்கறீங்கன்னு வெச்சுக்குங்க.”

எந்தக் குட்டையைப் படம் எடுத்தாலும் வருமா என்று கேட்டார். வெளிச்சம் விழுந்திருந்தால் போதும் என்றாள் டெசா. நவம்பர் மாதத்தில் இந்த ஊரில் குட்டைக்கா பஞ்சம்.

ஹாடோ எழுந்து அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் தன்னிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசியது அவள் ஒருத்திதான் என்றார். வெறும் பக்கம் ஏன் வருகிறது என்று பார்த்து இன்றைக்கே சரிசெய்துவிடுவதாக டெசா சொன்னாள். அதற்கு ஒன்றும் அவசரமில்லை என்று படியிறங்கிப் போனார்.

உதவி கேட்டு வந்த மற்றவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு அவள் அந்தப் பிழையைத் தேட உட்கார்ந்தபோது மணி நாலரை. கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. யார் யாரைத் தடை செய்திருக்கிறார்கள் என்று தேடல் பக்கம் பார்த்துவிட்டுத்தான் படங்களைக் காட்டும். அவள் எழுதிய பெட்டி அதைப் பார்ப்பதே இல்லை.

‘ஷிம்பிள்’ போட்ட கணக்குகள் சரியாக மூன்று. மூன்றும் தடை செய்திருந்தது ஒரே ஒருவரை. முதல் கணக்கோடு, நான்கு வருடங்களுக்கு முன் உதவி மேசைக்கு வந்த ஒரு கடிதம் இருந்தது: ‘நான் எங்கே இருக்கிறேன் என்று என் அப்பாவுக்கு எந்த வழியிலும் தெரியக்கூடாது. நீதிமன்ற உத்தரவை இணைத்திருக்கிறேன். ரோவன்.’

டெசா ஹாடோவின் கணக்கைத் திறந்தாள். மதியத்திலிருந்து பதினோரு படங்கள் ஏறியிருந்தன, எல்லாமே மழைக்குட்டைகள். ‘ஷிம்பிள்’ ஐந்தில் இருந்தது, நான்குக்கு வந்தது, மறுபடி ஐந்து, பிறகு மூன்று, இரண்டு.

கடைசிப் படம் ஆறு நிமிடத்துக்கு முன் எடுத்தது. அந்தக் குட்டையில் ஒரு வீட்டு வாசல் விளக்கு நெளிந்துகொண்டிருக்க, ‘ஷிம்பிள்’ முதலிடத்தில் இருந்தது.