பதிலுக்கு விட்ட பக்கம்

கையொப்பத்துக்குப் போகும் முன்பே அவளுக்கு எழுத்து அடையாளம் தெரிந்துவிட்டது.

ஆவணக் காப்பகத்தின் மேசையில் அவளைப் பற்றிய போலீஸ் கோப்பு. உள்ளே அரசுக்கு எழுதிய ஒரு பக்கக் கடிதம். 1976, பிப்ரவரி.

எழுதியவர் ஞானசிகாமணி. கல்லூரி வரலாற்றுத் துறையில் ஒன்பது வருடம் அவளுக்குப் பக்கத்து நாற்காலி.

நெருக்கடிநிலைக் காலம் அது. வகுப்பில் அவள் சொன்னதைப் பிசகாமல் எழுதியிருந்தார். ‘நாடு முழுக்க ஒரே குரல் கேட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. மற்ற வாய்களைப் பொத்தியிருக்கிறார்கள்.’

கடைசி வரியில், காலியாகப்போகும் துறைத்தலைவர் பதவிக்குத் தன்னைப் பரிசீலிக்கக் கேட்டிருந்தார்.

மிசா சட்டத்தில் பதினொரு மாதம் சிறையில் இருந்தாள். அப்பா செத்தபோது முகம் பார்க்க விடவில்லை.

வெளியே வந்தபோது வேலை இல்லை. அவர் துறைத்தலைவர்.

இப்போது ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் மேடையேறுகிறார். நெருக்கடிநிலையை எதிர்த்த பேராசிரியர் என்று பொன்னாடை போர்த்துகிறார்கள்.

அந்தக் காலத்தைப் பற்றித்தான் அவள் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் பெயர் வந்த இடத்தையெல்லாம் அடித்தாள். அப்படி ஒரு ஆள் இருந்ததே தெரியக்கூடாது.

பாதியில் பேனா நின்றது.

நாற்பது வருடமாக அவள் ஆராய்ந்த சர்வாதிகாரிகள் இதைத்தான் செய்தார்கள். வேண்டாதவர்களைப் புகைப்படத்திலிருந்துகூட வெட்டி எடுத்தார்கள்.

அவரைப் புத்தகத்தில் அப்படியே விட்டுவைப்பதுதான் பெரிய தண்டனை என்று பட்டது.

கடிதத்தை முழுதாகச் சேர்த்தாள். அவருக்கு ஒரு நகல் அனுப்பி, பதில் எழுதித் தரக் கேட்டாள்.

நேரிலேயே வந்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். காப்பியைத் தொடவில்லை. இருதய நோவைச் சொன்னார், அந்தக் காலத்தின் பயத்தைச் சொன்னார்.

“ஜனநாயகம்னு வாழ்நாள் பூரா பேசுனவங்க நீங்க. ஒரு மனுஷன மன்னிக்கக்கூடாதா?”

“உங்களுக்கு ஒரு பக்கம் முழுசா விட்டிருக்கேன் சார். என்ன வேணும்னாலும் எழுதுங்க. ஒரு எழுத்தக்கூட வெட்டமாட்டேன். எனக்கு அது கிடைக்கல.”

சொல்லும்போது இனித்தது. அதை அவள் தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் காத்திருந்தாள். பதில் வரவில்லை.

வீண் பக்கம், எடுத்துவிடலாம் என்றார் பதிப்பாளர். அவள் மறுத்துவிட்டாள்.

புத்தகம் வந்தது. இடப்பக்கம் கடிதம். வலப்பக்கத்தின் தலையில், ‘பேராசிரியர் ஞானசிகாமணியின் பதில்.’

அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

நான்காம் நாள் காலை ஒரு பெண் போன் செய்தாள். ஞானசிகாமணியின் பேத்தி. சட்டம் படிக்கிறாளாம். புத்தகத்தில் ஒரு பக்கம் அச்சாகாமல் விட்டுப்போயிருக்கிறது என்றாள்.

“தாத்தா பதில் எழுதாம இருந்திருக்கமாட்டாங்க மேடம்.”

“அச்சுப்பிழை இல்லம்மா. தாத்தாகிட்டயே கேளு.”

“ஒரு நிமிஷம் இருங்க. உள்ளதான் இருக்காங்க.”

செருப்புச் சத்தம் நகர்ந்தது. எங்கோ கதவு திறந்தது.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.