முட்டுப் பிரித்த நாள்

பக்கவாதத்தில் ஆவுடைக்கு மூளையில் ஒரு பக்கம் பட்டுப்போனது. அவள் தோலிலிருந்தே வளர்த்த மூளைத்துண்டை அங்கே ஒட்டி இருபத்தொரு நாள் ஆயிற்று.

"ஒட்டுன துண்டுல முதல்ல வந்த செல்லுங்க, மத்த செல்லுங்களுக்கு இடம் காட்டிட்டு நேத்தோட செத்துருச்சு. இனி மிச்சம் தானா நிக்கணும்யா," என்றாள் டாக்டர்.

"சென்ட்ரிங் முட்டுன்னு சொல்லுங்க," என்றார் ஆவுடையின் புருஷன் கொம்பையா. நாற்பது வருஷம் கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்துப் பிரித்தவர். முட்டை உருவியதும் தளம் இடிந்து உட்கார்ந்ததையும் பார்த்தவர். டாக்டர் பேச்சில் அவருக்கு நம்பிக்கையில்லை.

இத்தனை நாளும் ஆவுடை, "கொம்பையா, தண்ணி கொண்டா," என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அவருக்கோ எவளோ ஒருத்தியோடு குடியிருப்பது போலிருந்தது.

"பாட்டி, இவர் பேர் என்ன?" இன்று டாக்டர் கொம்பையாவைக் காட்டிக் கேட்டாள்.

ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று தடவை கேட்டும் நிமிரவில்லை.

"ஒட்டு பிடிக்கல. சாயங்காலமே துண்டை எடுத்துரணும்," என்று டாக்டர் கொம்பையாவிடம் சம்மதத் தாளை நீட்டினாள். எடுத்தால் பேச்சும் போகும். கொம்பையா பெருவிரலில் கைநாட்டு மையைத் தொட்டார்.

ஆவுடை போர்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூறுகெட்ட பிள்ளையா இருக்கியே! புருசன் பேரப் பொண்டாட்டிகிட்டயா கேக்கது? அவுகளையே கேளு."

கொம்பையா மை விரலை வேட்டியில் துடைத்தார்.

"தளம் நின்னுட்டு, தாயி. தாளக் கிழிச்சுப் போடுங்க."